ஃபார்கோவுக்குப் போகும் இன்சுலின்

அமெரிக்காவின் ஃபார்கோ ஊர்க்காரன் டேலைக் கட்டிக்கொள்ளப் போகும் லோர்னாவுக்குக் கனடாவின் விண்ணிபெக்கில் வழியனுப்பு விருந்து. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டிய உடம்பு அவளுக்கு.

"அங்க தும்மினாலே வீட்டை வித்தாகணும்மா. வைத்தியம்னா நம்ம கனடாதான், காசே கேக்க மாட்டான்," என்று அண்ணன் முர்ரே கரண்டியை ஆட்டி ஆட்டிப் பிரசங்கம் செய்தார். லோர்னாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது டேல் போனில் வந்தான். "ஆபீஸ்ல கேட்டுட்டேன்டி. கல்யாணத்தன்னிக்கே உன்னையும் என் காப்பீட்டுல சேத்துடுவாங்க. இன்சுலினும் அதுலயே வந்துடும்."

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடியே அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். பிறகு தட்டை இழுத்து வைத்து நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

முர்ரே கரண்டியைக் கீழே வைத்தார். பல்லுக்கு மட்டும் கனடாவிலும் காசு கட்டியாக வேண்டும்; இலவச வைத்தியம் அவர் பல்லைத் தொட்டதே இல்லை.

"போனை வெச்சுடாதம்மா. அதுல பல்லுக்கும் உண்டா? மச்சானையும் சேத்துக்குவாங்களான்னு கேளு."