இரண்டு தட்டு

"ஊர் பேர் தெரியாத பயலுக்கு வாய மட்டும் பாரு" என்றான் எங்கள் கறிக்கடைக்கு வந்த ஒருவன். அண்ணன் எடைக்கல்லை எடுத்து அவனது முன்பல் இரண்டையும் பெயர்த்துவிட்டான். அண்ணனுக்குக் கோபம் மூக்கு நுனியில். எனக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆனால் அவன் சொன்னது உண்மை. கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ரயிலேறி வந்தார், கத்தி பிடித்தார், வாயைத் திறக்காமலே செத்துப்போனார். அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம்தான். வெட்டுவதற்கு முன் கத்தியின் முதுகால் கட்டையில் இரண்டு தட்டு. அப்பா தட்டினார், அண்ணன் தட்டுவான், நானும் தட்டுவேன். வேறு எந்தக் கடையிலும் அதைப் பார்த்ததில்லை.

"இத வச்சே ஊரக் கண்டுபிடிக்கிறேன் பாரு" என்று அண்ணன் கிளம்பிவிட்டான். கடைக்கு விடுமுறை விட்டால் போதும், தங்கச்சி என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் பாதையோரம் சந்தை சந்தையாக அலைவான். கத்தியைக் கேட்டு வாங்கித் தட்டிக் காட்டி, "இப்படித் தட்டுறவங்க இங்க யாராவது இருக்காங்களா?" என்பான். சிரித்து அனுப்புவார்கள்.

கடைசியாகப் போன சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. தாடி நரைத்த கடைக்காரர், "யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார்.

"எங்க கொள்ளுத்தாத்தா! இந்த ஊர்தானா அவரு?" அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"இதே கடதான். கூடப்பொறந்த தம்பிய இந்தக் கட்டையில சாச்சு, ரெண்டு தட்டு தட்டிட்டு வெட்டுனான். அந்தத் தம்பியோட பேரன் நான். அன்னையிலேருந்து இங்க எவனும் தட்டுறதில்ல."

அப்படியானால் அவர் எங்களுக்குச் சித்தப்பா முறை. நான் அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவருடைய மகன்கள் இரண்டு பேரும் அண்ணன் மேல் பாய்ந்தார்கள். தட்டிக் காட்ட வாங்கியிருந்த கத்தி அண்ணனின் கைநழுவி என் காலடியில் விழுந்தது. வயிற்றிலும் முகத்திலும் மிதித்தார்கள். அண்ணனின் பல் தரையில் தெறித்தது. இளையவன் அவன் வலது கையை இழுத்துக் கட்டையில் அழுத்த, கடைக்காரர் தன் கத்தியை இறக்கினார். இரண்டு விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது. அண்ணன் போட்ட அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கத்தி மறுபடி உயர்ந்தது, இந்த முறை மணிக்கட்டுக்கு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. காலடிக் கத்தியை எடுத்தேன். குனிந்திருந்த இளையவனின் முடியைப் பிடித்து அதே கட்டையில் சாய்த்தேன். அண்ணனின் ரத்தம் அவன் கன்னத்தில் அப்பியது.

"விடுங்க சித்தப்பா!"

அவர் விடவில்லை. என் கை கட்டையில் தட்டியது. இரண்டு தட்டு.

கடைக்காரர் கத்தியைக் கீழே போட்டார். "வேண்டாம்மா" என்று கும்பிட்டார். மூத்தவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

ரயிலில், துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஊரக் கண்டுபிடிச்சிட்டோம்ல" என்று அண்ணன் முனகினான். "நல்லா மிரட்டுன போ."

நான் மிரட்டவில்லை. வெட்டத்தான் தட்டினேன்.