அடிக்காத அடி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒரு காவலாளியை அறைந்திருக்கிறார், உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரின் சட்டையைப் பிடித்திருக்கிறார். "இன்னொரு தடவை கை நீட்டினா வேலை கிடையாது. எங்கயாவது போய்க் கோவத்தை அடக்கக் கத்துக்கோ" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கின் மனைவி துணிக்கடையில் வேலை பார்ப்பவள். இருட்டிய பிறகு தனியாக வரவேண்டியிருந்ததால் தற்காப்புக்கென்று கராத்தே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவரையும் அங்கேயே இழுத்துப்போய்ச் சேர்த்தாள்.

அடிதடியாவது பழகலாம் என்று ஆசையோடுதான் போனார். ஆனால் மாஸ்டர், அவரைவிட வயதில் சின்னப் பெண், அவரை நிற்க வைத்தாள். காலை அகட்டி, முட்டியை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. தொடை வெடவெடத்தது. கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைக்கப் போனால், "கை கீழ" என்றாள்.

இது போதாதென்று, வெள்ளை பெல்ட்காரர்கள் பச்சை பெல்ட்காரர்களுக்குத் தலை வணங்க வேண்டுமாம். காலையில் சண்டை போட்ட பெண்டாட்டிக்குச் சாயங்காலம் குனியும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் கொஞ்சம் குனியலாமே" என்று அவள் வேறு கிசுகிசுப்பாள்.

மாதங்கள் ஓடின. நிற்பது, மூச்சு விடுவது, வருகிற அடியைத் தடுப்பது, இவ்வளவுதான் பாடம்.

"நான் எப்பத்தான் மாஸ்டர் அடிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"அடிக்கத் தெரியாமலா நீங்க இங்க வந்தீங்க?" என்றாள் மாஸ்டர். மொத்த வகுப்பும் சிரித்தது.

அந்த வாரமே ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே வயதான ஓர் அம்மா. மெக்கானிக் ஓடிப்போய் மொட்டை மாடி மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, லிஃப்டைக் கையாலேயே நகர்த்திக்கொண்டுவந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தார். அந்த அம்மா தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளரான அவளுடைய மகன் கத்திக்கொண்டே வந்தான்.

"போன வாரம்தானே வந்து சரி பண்ணின? எங்கம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"கதவு ஓடற ரோலர் தேஞ்சுபோச்சு, மாத்தணும்னு அன்னிக்கே சொன்னேன் சார். நீங்கதான் அப்புறம் பார்க்கலாம்னீங்க."

உண்மை சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மகன் கையை ஓங்கினான். மெக்கானிக்கின் இடக்கை தானாக எழுந்தது. குத்து முழங்கையெலும்பில் பட்டு விலகியது. அந்தக் கை விலக்கிய வேகத்தில் மகன் கதவுச் சட்டத்தில் மோத, உதடு கிழிந்தது.

மெக்கானிக்கின் வலக்கை இடுப்போரம் முறுக்கிக்கொண்டு நின்றது. எதிரே மகனின் தாடை தடுப்பில்லாமல் கிடந்தது. கை பரபரத்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, விரல்களைப் பிரித்து, பின்னால் நகர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

"அடிச்சுட்டான்!" என்று மகன் அலறினான். வரிசையாகக் கதவுகள் திறந்தன. வந்தவர்கள் கண்டது ஒழுகிய ரத்தத்தையும் பல்லைக் கடித்து நின்ற மெக்கானிக்கையும்தான். அந்த அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"தடுத்தேன் சார், அவ்வளவுதான்" என்று மேனேஜரிடம் மன்றாடினார்.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நான் அடிச்சிருந்தா அந்தாளுக்குப் பல்லு இருந்திருக்காது சார்!"

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலையைப் பறிக்காமல் விட்டதே பெரிது என்ற தோரணையில் மேனேஜர் அவரைக் குடோனுக்குத் தூக்கிப் போட்டார். கழற்றிப் போட்ட பழைய கதவுகளுக்குத் துரு நீக்கி எண்ணெய் போடும் வேலை.

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கொட்டினார். "நிஜமாவே அடிக்கலையா?" என்றாள் மனைவி.

"நீயுமா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அறைக்குள் போனார், வந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க அடிக்கலைதான்."

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"யாரையாவது அடிச்சுட்டு வந்தா அன்னிக்கு ரெண்டு வாய் கூடத்தான் சாப்பிடுவீங்க. படுத்ததும் குறட்டை. இப்படிக் கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்த மாட்டீங்க."

"உனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? மேனேஜருக்குல்ல தெரியணும்!"

மறுநாள் அவளே அந்த அம்மாவிடம் சாட்சி கேட்டுப் போனாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்ற குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது. மகன் கதவைச் சாத்திவிட்டான்.

மாஸ்டராவது நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நம்பிச் சாயங்காலம் வகுப்பில் ஒன்று விடாமல் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தடுத்த கையால தள்ளியும் விட்டிருக்கீங்க. தடுக்கறதோட நிறுத்தியிருந்தா அவர் உதடு கிழிஞ்சிருக்காது."

"பார்த்த வேலை போச்சு, மானம் போச்சு. நீங்க அந்தாள் உதட்டுக்கு வக்காலத்து வாங்கறீங்களா?"

"கோவம் இருக்கட்டும். முட்டியை மடக்குங்க."

பெல்ட்டைக் கழற்றி மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. முன்வரிசையிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் காலை அகட்டி நின்றார். மனசுதான் நிற்கவில்லை. மேனேஜரிடம் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று விதவிதமாக வசனம் ஓடிக்கொண்டிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தார்.

"பல்லைக் கடிக்காதீங்க" என்றாள் மாஸ்டர்.