உப்பு ஒத்தடம்

மருத்துவமனை விறாந்தையில் ஜெனிஸ்ரன் வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். முழங்கால் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் தாய் செல்வமலர். மடியிலிருந்த கைப்பைக்குள், துவாயில் சுற்றிய வறுத்த உப்புப் பொட்டலம் சுட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அதை வெளியிலை எடுக்காதேங்கோ."

"எடுக்கேல்லையடா. சும்மா வச்சிருக்கிறன்."

ஆப்கானிஸ்தானில் கவச வண்டியிலிருந்து குதித்தபோது போன முழங்கால் அது. டெனிஷ் இராணுவ உடுப்போடு போன பிள்ளை கெந்திக்கொண்டு வந்தான். போன வருடம், இழப்பீட்டுக்காகக் காயத்துக்கு எத்தனை வீதம் என்று பார்க்கக் கூப்பிட்ட அன்று, பெரிய இடத்துக்குக் கெந்திக்கொண்டு போகக்கூடாதென்று செல்வமலர் விடியவே எழும்பி ஒத்தடம் கொடுத்தாள். நல்லெண்ணெய் பூசி உருவியும் விட்டாள். வீக்கம் வற்றியது. மருத்துவர் மடக்கச் சொல்ல, கால் மடங்கியது. ஐந்து வீதத்துக்குக் கீழே என்று முடிவு வந்தது. அதற்குக் கீழென்றால் இழப்பீடு ஒன்றுமில்லை. முறையிட்டதில் இன்று மறுபடி பார்க்கிறார்கள்.

"கோயிலுக்குச் சோடிச்சு வெளிக்கிடுத்திற மாதிரி வெளிக்கிடுத்தி, நான்தான் உன்னைக் கெடுத்தனான்."

"உங்கட கை இல்லாட்டி நான் வேலைக்கே போயிருக்க மாட்டன். இண்டைக்கு மட்டும் நொண்ட விடுங்கோ."

"நொண்டு ராசா, வடிவா நொண்டு. ஆனா நடிக்காதை."

"நடிக்கத் தெரிஞ்சால் போனமுறையே தந்திருப்பாங்களே!"

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது. பெயரைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் அவன் விறைத்து நிமிர்ந்தான். "நிமிராதை!" என்று தாய் பல்லைக் கடித்தாள்.

உள்ளே, இளம் பெண் மருத்துவர் ஒருத்தி காலை மடக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. ஜெனிஸ்ரனுக்கு நெற்றி வியர்த்தது.

"எப்போதும் இப்படியா?" என்று டெனிஷில் கேட்டாள்.

"ஒவ்வொரு நாள் காலையிலும். அம்மா சரியாக்கி அனுப்புவா."

அவள் செல்வமலரின் பக்கம் திரும்பினாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து பழகிய டெனிஷில் செல்வமலர் உப்பையும் எண்ணெயையும் சொல்லி முடிக்க, அவள் அத்தனையையும் கணினியில் பதிந்தாள்.

"போனமுறை ஏன் இதைச் சொல்லவில்லை?"

"ஒருவரும் கேட்கவில்லை."

"இப்போது எழுதிவிட்டேன். ஒத்தடம் இல்லாமல் இந்தக் கால் மடங்காது என்றும் எழுதியிருக்கிறேன்."

விறாந்தைக்கு வந்ததும் செல்வமலர் பொட்டலத்தை எடுத்தாள். கதிரையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்கி, மற்றதையும் ஊன்றினாள். இரண்டும் நெறுக்கென்றன.

"உங்கட முழங்காலுக்கு எத்தனை வீதமம்மா?"

"பேசாமல் காலை நீட்டு. உப்பு ஆறப்போகுது."