தட்டாமல் போனவள்

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுதும் அறையின் கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டக் கூடாது. குக்கர் விசில் அடித்தாலும் சரி, கூரியர்காரன் வந்து நின்றாலும் சரி, எழுதுபவளின் கணவர்தான் ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்வார். அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அடி வாங்கும் மனைவிகளுக்காகவும், பாதிக் கூலிக்கு உழைக்கும் பெண்களுக்காகவும் பெரியவள் நாவல் நாவலாக எழுதினாள். ஊரே அவளை எழுத்தாளர் என்று மரியாதையாக அழைத்தாலும், வீட்டில் அவள் பெரியவள், தங்கை சின்னவள். அவள் கதைகளைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதவர்களில் சின்னவளும் ஒருத்தி.

அன்று முற்பகல் வாசலில் சின்னவளின் குரல் கேட்டது.

"அக்கா இருக்காளா அத்தான்?"

"இருக்கா. கதவு சாத்தியிருக்கு. உனக்குத் தெரியாததா? உக்காரும்மா."

"பரவால்ல, எழுதட்டும். நான் இருக்கேன்."

பெரியவளின் பேனா நின்றது. அது அழுது முடித்த குரல் என்று கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? நாற்காலியை விட்டு எழுந்துகூட விட்டாள். ஆனால் வாரக்கணக்கில் தண்ணி காட்டிய கடைசி அத்தியாயம் அன்றுதான் வழிக்கு வந்திருந்தது. புருஷனிடம் அடிபட்டவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கும் இடம். இந்த ஒரு பக்கம் முடியட்டும் என்று மறுபடி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நாலாக நீண்டது.

வெளியே வந்தபோது, கூடத்தில் காய்ந்த துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. சும்மா உட்காரத் தெரியாதவள் சின்னவள்.

"எங்க அவ?"

"சகலை வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. தன்மையாத்தான் பேசினாரு. அவதான் உன் கதவையே பாத்துட்டு நின்னா. கூப்பிடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா."

"கையில பை ஏதும் வச்சிருந்தாளா?"

"ஆமா, பெரிய பை. எங்கயோ ஊருக்குப் போறாளாக்கும்னு நினைச்சேன்."

பெரியவள் ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். போன் மேல் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் தங்கையைப் பார்த்தாள். இடது கண்ணில் கட்டு. அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊசியில் நூல் கோத்துப் பிழைப்பவளுக்கு இது எத்தனை பெரிய இடி.

"ஏன்டி கதவத் தட்டல நீ?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள் பெரியவள்.

சின்னவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உன் கதையில அடி வாங்கினவ அக்கா வீட்டுக்குத்தான் போவா. அக்கா ஓடிவந்து கதவத் திறப்பா. அதைப் படிச்சிட்டுத்தான்க்கா நான் கிளம்பி வந்தேன்."

"என்னோடயே வந்துடு. இனிமே நீ அங்க போகவே வேண்டாம்."

"அங்க போகல. ஆனா உங்கிட்டயும் வேண்டாம்க்கா. உன் எழுத்து கெட்டுப்போகும்."

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். பெரியவளின் நெஞ்சு வெடித்ததும் அதனால்தான். தையல் கடையில் பக்கத்து மிஷினில் வேலை பார்க்கும் சிநேகிதி, ஒற்றை அறையில் பிள்ளைகளோடு குடியிருப்பவள், வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

பெரியவள் போலீசில் புகார் கொடுத்தாள். வழக்கு நடக்கிறது. கண் போனது போனதுதான்.

அடுத்த வாரம் தச்சரை வரவழைத்தாள். அவர் கீலைக் கழற்றிக்கொண்டே, "கதவில்லாம எப்படிம்மா எழுதுவீங்க? ஒரே சத்தமா இருக்குமே" என்றார்.

"இருக்கட்டுங்க. வாசல்ல வந்து நின்னவளோட அழுத குரல் காதுல விழுந்தும் எந்திரிக்கல நான். ஊர்ப் பொம்பளைங்களுக்காக எழுதி என்ன பிரயோஜனம்? முதல்ல எந்திரிச்சுப் போகணும். எழுதுறதெல்லாம் அப்புறம்தான்."

இப்போது வாசலில் காலடி கேட்டாலே பேனாவைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். ஒவ்வொரு முறையும் கூரியர்காரன்தான் நிற்கிறான்.