பெயருக்கு முன்னால் ஒரு பொட்டு

என் கணவர் லோகநாதன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களை எண்ணிச் சரிபார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கொடியில் துணிக் கிளிப் ஒன்று குறைந்தால் எனக்கு விசாரணை உண்டு. அது போதாதென்று ஆறு மாதமாகக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வேறு. மவுஸைத் தொடுவது கௌரவக் குறைச்சலாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் தட்டினால்தான் அவருக்கு வேலை செய்த மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிறு மத்தியானம், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, புது டிஸ்க்கோடு உட்கார்ந்தார். பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதிதில் காப்பி செய்துவிட்டு, பழசைத் துடைத்து, கூட வேலை செய்யும் சுஃபியான் பாய்க்குக் கொடுப்பதாக வாக்கு. பாய்க்கு அதில் பாக்ஸிங் வீடியோ ஏற்ற வேண்டுமாம். வாங்கிப் போக வந்து, எங்கள் நாற்காலியில் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் மகன் நிலவனுக்கு ஒன்றரை வயது. பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில் ‘நிலவன்’ என்ற ஃபோல்டரில்தான் இருந்தன. போனில் இடமில்லை என்று அங்கிருந்ததை எப்போதோ அழித்தாயிற்று. மூன்று வாரத்துக்கு முன் இவருடைய அக்கா செங்கொடி மாத்தூரிலிருந்து வந்து, அத்தனை படத்தையும் பார்த்து, “இன்னா கொழுகொழுன்னு கீறான்டா லோகு!” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். மறுநாளே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். இவர் துடைத்தார். மறுபடி வைத்தேன். மறுபடி துடைத்தார்.

“எங்க அக்கா கண்ணப் பத்தி இன்னொரு வார்த்த பேசாத. பொட்டு கிட்டு வச்சே, பேஜாராயிடும். நாம பகுத்தறிவோட கீறோம்.”

அந்த ‘நாம’வில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில்தானே வைக்கக்கூடாது? கண் பட்டதும் படத்தில்தானே? இவர் வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கீபோர்டில் பொட்டு மாதிரி இருப்பது முற்றுப்புள்ளி ஒன்றுதான். நிலவன் என்ற பெயருக்கு முன்னால் அதை வைத்து என்டரைத் தட்டினேன். ஃபோல்டரைக் காணோம்.

மூன்று வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் படம் போனதற்கு அழுவாரா, பொட்டு வைத்ததற்குக் குதிப்பாரா, தெரியவில்லை. புது டிஸ்க்குக்கு மாற்றும்போது எங்கிருந்தாவது வந்துவிடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

“பாய், இங்க பாருங்க. காப்பிக்கு சி பி போட்டு, ஹைஃபன் ஆர் வி போட்டு, அப்பால ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் போட்டா உள்ள கீறது அல்லாமே வந்துடும்.”

எங்கள் கல்யாணத்துக்கு நட்சத்திரம் பார்க்கவிடாத மனிதர் இவர்.

திரையில் வரி வரியாக ஓடி நின்றது. இரண்டு பக்கமும் எண்ணினார். “அங்க பதினாலு, இங்க பதினாலு. டாலி!” பழசைத் துடைக்கும் கட்டளையையும் தட்டினார். என்டர் மட்டும்தான் பாக்கி.

நான் பதினாலு பெயரையும் படித்தேன். மீஞ்சூர்க் கல்யாணம் இருந்தது. கேஸ் ரசீது இருந்தது. என் பிள்ளை இல்லை.

“யோவ், கைய எடு!”

பாய் டீயைக் கீழே வைத்தார். அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “உங்க அக்கா கண்ணுக்குத்தான்யா அவன் பேருக்குப் பொட்டு வச்சேன். ஃபோட்டோ அல்லாம் பூடுச்சு. நான்தான் அழிச்சுட்டேன்.” அதற்குமேல் அழுகைதான் வந்தது.

இவர் முகம் வெளுத்துவிட்டது. என்டர் பக்கத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார். “புள்ளியா? பேருக்கு முன்னாலயா?”

“ஆமா.”

துடைக்கும் கட்டளையை அழித்துவிட்டு வேறு ஏதோ தட்டினார். பதினாலோடு பதினைந்தாக வந்து நின்றான் என் பிள்ளை, பொட்டும் அதுவுமாக. படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“முன்னால புள்ளி வச்சா லினக்ஸ் அத்த மறைச்சுடும் எழிலு. யார் கண்ணுக்கும் தெரியாது. நட்சத்திரத்துக்கும் சிக்காது. அதான் காப்பி ஆவல.”

“யார் கண்ணுக்கும் தெரியாதா?” என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பாய்தான் முதலில் சிரித்தார். “தங்கச்சி கேட்டதே அதானே லோகா!”

“இது சிஸ்டம் ரூல் பாய். மூடநம்பிக்கை இல்ல” என்று இவர் முறைப்பாகச் சொன்னார். தனியாக அந்த ஃபோல்டரைக் காப்பி செய்தார். “புள்ளிய அப்பால நானே எடுத்துடறேன்” என்றார். இந்தத் தடவை பதினைந்தையும் நான் எண்ணினேன். பிறகுதான் பழைய டிஸ்க் துடைபட்டுப் பாய் கைக்குப் போனது.

அடுத்த ஞாயிறு செங்கொடி அக்கா வந்தார். செருப்பைக் கழற்றியதுமே, “லோகு, புள்ள ஃபோட்டோவ இன்னொரு தபா போடுடா” என்றார்.

இவர் மவுஸைப் பிடித்தார். மவுஸை! புது டிஸ்க் திறந்தது. நிலவன் இல்லை. பாவி மனிதர், அந்தப் புள்ளியை எடுக்கவேயில்லை. இவர்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

“இன்னாடா, காணோம்?” என்றார் அக்கா, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு.

“இதுல பதினாலுதான்க்கா கீது” என்றார் இவர். “வேணும்னா நீயே எண்ணிக்கோ.”