மூத்த உழவர் நல்லுசாமி

செம்பட்டி சாலையில் இருக்கும் அந்த மெட்ரிக் பள்ளியின் தாளாளர் சிவபிரகாஷுக்கு ஜூன் மாதத்தில் திடீரென்று மண் மேல் பாசம் வந்தது. அதுவரை மண் என்றால் அவருக்குப் பிள்ளைகளின் ஷூவில் ஒட்டிக்கொண்டு வராந்தாவை அழுக்காக்கும் ஒரு சனியன். போன வருடம் அறிவியல் ஆசிரியை அமலராணி, எட்டாம் வகுப்பைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நிலக்கடலை வேரின் முடிச்சுகளைக் காட்டட்டுமா என்று கேட்டாள். "தோட்டத்துப் பக்கமே போயிரக் கூடாதுன்னுதான் மிஸ் இங்க கொண்டாந்து சேக்குறாங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

இந்த வருடம் அவர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு, சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரோடு திரும்பி வந்தார். ஆலோசகர் லினன் ஜிப்பா போட்டிருந்தார். ஆசிரியர்களை உட்கார வைத்து "வேர்களுக்குத் திரும்புவோம்" என்று ஒரு மணி நேரம் பேசினார். கம்பங்கூழ் வேண்டும் என்று சொல்லி வரவழைத்து, இரண்டு வாய் குடித்தார், டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுக் காபி கேட்டார்.

திட்டம் இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு விவசாய அறிவைக் கேட்டு எழுதிவர வேண்டும். நல்லவற்றை ஃபிளக்ஸ் அடித்துச் சுவரில் மாட்டி, செப்டம்பரில் கண்காட்சி. பிள்ளைகள் பாதிப் பேர் செல்போனிடம்தான் கேட்டார்கள் என்பது, வேப்பம் புண்ணாக்கைப் பற்றி ஒரே வாக்கியம் எழுத்துப்பிழையோடு பல தாள்களில் வந்ததிலேயே தெரிந்தது. ஆலோசகர் அதைக் கூட்டு நினைவு என்றார்.

அவரை மிகவும் உருக வைத்தது ஒன்பதாம் வகுப்பு கௌசல்யாவின் தாள். "எங்கள் தாத்தா நல்லுசாமி ஆயுள் முழுவதும் உழவு செய்தவர். கத்திரிச் செடிக்கு வாரந்தோறும் கல்லுப்பைக் கெட்டியாகக் கரைத்து வேரில் ஊற்றுவார். பூச்சி அண்டாது. காய் பளபளக்கும்."

அமலராணி பக்கத்து அகரம் ஊர்க்காரி. அவள் அப்பா வீட்டில் இன்றைக்கும் கத்திரி போடுகிறார்கள். இடைவேளையில் கௌசல்யாவைக் கூப்பிட்டாள்.

"உங்க தாத்தா நெசமாவே இப்படிச் செஞ்சாரா?"

"தாத்தா லாரி ஓட்டுனாக மிஸ். ஒட்டன்சத்திரத்துல இருந்து கேரளாவுக்குக் காய் ஏத்திட்டுப் போவாக. மம்பட்டியே தொட்டதில்ல. செத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

"அப்ப இது?"

"நானா எழுதுனேன்." அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்தவில்லை. "எங்க கெணறு உப்பாப் போயி, மல்லிகைக் கொடி அம்புட்டும் கருகிப் போச்சு மிஸ். அம்மா இப்ப அடுத்தவங்க தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகுது. உப்புத் தண்ணி ஊத்துனா செடி என்னாகும்னு இந்தப் பக்கம் தெரியாதவங்க இருக்காங்களா? யாராச்சும் படிச்சுப் பாக்குறாங்களான்னுதான் எழுதுனேன்."

அமலராணி தாளாளர் அறைக்குப் போனாள். ஆலோசகரும் அங்கேதான் இருந்தார்.

"சார், இது தப்பு. செடி செத்துரும். பிள்ளையே சும்மா எழுதுனேன்னு சொல்லுது."

"தென்னைக்கு உப்பு வைக்கிறதில்லையா மிஸ்?" என்றார் சிவபிரகாஷ், பெரிய மடக்கு மடக்கிவிட்டவரைப் போல.

"தென்னையும் கத்திரியும் ஒண்ணா சார்?"

ஆலோசகர் குறுக்கே கையைத் தூக்கினார். "மேடம், உங்க பிரச்சினை என்னன்னா, எல்லாத்தையும் பாடப்புத்தகக் கண்ணோடவே பாக்குறீங்க. குழந்தைங்க சும்மா எழுதினாலும் அது அவங்க ரத்தத்துல இருக்கறதுதான் வெளிய வருது."

அமலராணி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஆளிடம் இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதும் வீண் என்று தோன்றியது.

"அந்தத் தாத்தா இப்ப இல்லைல்ல?" என்று சிவபிரகாஷ் தணிந்த குரலில் கேட்டார். "பின்ன யாரு வந்து இல்லைங்கப் போறா? விடுங்க மிஸ். ஃபிளக்ஸ் ஆர்டர் குடுத்தாச்சு."

ஃபிளக்ஸ் வந்தது. 'மூத்த உழவர் நல்லுசாமியின் பட்டறிவு' என்று தலைப்பு. கீழே பெரிய சிவப்புத் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஒரு கிழவர் படம், இணையத்தில் எடுத்தது. ராஜஸ்தான் பக்கத்து ஆளாக இருக்கலாம். அதோடு நிற்காமல் பள்ளிக்குப் பின்னால் ஒரு கத்திரிப் பாத்தி போட்டு, வாரந்தோறும் பிள்ளைகளை விட்டு உப்புக் கரைசல் ஊற்ற வைத்தார்கள். முதலில் இலை ஓரம் பழுத்தது. பிறகு செடி தலையைத் தொங்கப் போட்டது. கண்காட்சிக்கு முந்தின நாள், பாத்தியில் விறகுதான் நின்றது. சிவபிரகாஷ் நர்சரிக்கு ஆள் அனுப்பி, காய்த்த செடிகளைத் தொட்டியோடு வாங்கிவந்து புதைக்கச் சொன்னார். கூசவே இல்லை. மனிதர் முகத்தைப் பார்த்தால், அந்தச் செடிகள் நல்லுசாமியால்தான் காய்த்தன என்று அவரே நம்பிவிட்டது போலிருந்தது.

சனிக்கிழமை கண்காட்சி. ஆலோசகர் மைக்கைப் பிடித்து 'நல்லுசாமி முறை' என்று பேச ஆரம்பித்தபோது பெற்றோர்கள் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ரெட்டியார்சத்திரம் பக்கம் காய்கறிப் பயிர் போடுகிறவர்கள். ஒருவர் அந்த ஃபிளக்ஸை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் இருந்தவர், "என்னப்பு இது, செடி வளக்கவா கொல்லவா?" என்றார். ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வரிசையாகப் பரவியது. இரண்டு பேர் பின்பக்கம் போய்ப் பாத்தியைக் கிளறி, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியோடு ஒரு செடியைத் தூக்கிவந்து மேடைக்கு முன்னால் வைத்தார்கள். ஆலோசகர் "வேர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். மதியத்துக்குள் அவர் கார் கிளம்பிவிட்டது.

சிவபிரகாஷுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. திங்கட்கிழமை கௌசல்யாவின் அம்மா ஜக்கம்மாளை வரச் சொன்னார். அவள் பூ எடுத்த கையோடு வந்தாள். அமலராணியையும் நிற்க வைத்திருந்தார்கள்.

"உங்க பொண்ணு பொய் எழுதி ஸ்கூல் மானத்த வாங்கிட்டா. நாளைக்குப் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். இல்ல டி.சி. வாங்கிக்கங்க."

"பொய் எழுதுனது தப்புத்தேன்" என்றாள் ஜக்கம்மாள். "வீட்டுல ரெண்டு போட்டுட்டேன். ஆனா ஒண்ணு சாரு. அது சின்னப் பிள்ள, வெளையாட்டுக்கு எழுதுச்சு. நீங்க எதுக்கு அச்சடிச்சு ஒட்டுனீக? எங்க மாமனாரு மூஞ்சின்னு எவனோ ஒருத்தன் மூஞ்சியப் போட்டிருக்கீக. என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா? ரோட்டுக்கு அங்கிட்டுத்தான பூ எடுக்குறேன்."

"எனக்குத் தெரியாம நடந்துபோச்சும்மா."

"நான் சொன்னேன்" என்றாள் அமலராணி. "ஃபிளக்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடியே சொன்னேன். சாரு விடுங்கன்னாரு."

சிவபிரகாஷ் மேசை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். ஜக்கம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் அழுகின காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவர்களின் பார்வை அது. "மன்னிப்புத்தான, கேப்பா. வருசத்து நடுவுல நான் பிள்ளைய எங்க கொண்டுபோய்ச் சேக்க?" என்று சொல்லிவிட்டு, வணக்கம் வைக்காமல் வெளியே போனாள்.

மறுநாள் காலை கௌசல்யா மைக் முன்னால் நின்றாள். எழுதிக் கொடுத்த வரிகளை அவள் படிக்கவில்லை.

"லாரி ஓட்டுன எங்க தாத்தாவ உழவர்னு பொய் எழுதிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க தாத்தா."

அவ்வளவுதான். இறங்கிவிட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். சிவபிரகாஷ் அந்த மன்னிப்பு தனக்கு என்றே எடுத்துக்கொண்டு பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

அமலராணிக்கு முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பில். அன்றைக்குப் பாடம் அமிலமும் காரமும். அவள் புத்தகத்தைத் திறந்தாள், இரண்டு வரி படித்தாள், மூடினாள்.

"யார் யார் வீட்டுக் கெணத்துல தண்ணி ருசி மாறியிருக்கு? மாறினப்பறம் எந்தச் செடி மொதல்ல போச்சு?"

இதற்கும் ஃபிளக்ஸ் அடிப்பார்களோ என்ற சந்தேகம் எல்லார் முகத்திலும் இருந்தது. பிறகு பின்வரிசையில் பிரிட்டோ, அவர்கள் வீட்டு முருங்கை தாக்குப் பிடிக்கிறது, அவரைக் கொடி போய்விட்டது என்றான். இன்னொரு பெண், வாய்க்கால் ஓரமாக வெள்ளையாகப் பூக்கும் உப்பை அவள் சித்தி சுரண்டி எடுத்துக் கொட்டுவதைச் சொன்னாள். எந்தச் செடி முந்தி, எந்தச் செடி பிந்தி என்று சண்டை வந்துவிட்டது. பாதி தவறாகவும் சொன்னார்கள். அமலராணி கரும்பலகையில், முதலில் கருகியது மேலே வரும்படி செடிகளின் பெயரை எழுதிக்கொண்டே போனாள். நாளைக்கு ஆளுக்கொரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கௌசல்யா கடைசியில்தான் எழுந்து, மல்லிகை பெயரை ரொம்பக் கீழே போட்டிருக்கிறீர்கள், அது இன்னும் மேலே வர வேண்டும் மிஸ் என்றாள்.

கதவில் சிவபிரகாஷின் தலை தெரிந்தது.

"என்ன மிஸ் இவ்வளவு சத்தம்? போர்ஷன் நடக்குதா இல்லையா?"

"நடந்துக்கிட்டிருக்கு சார்" என்று சொல்லி, அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.