வலது காதுமேல் ஒரு நட்சத்திரம்

தெற்கு எகிப்தின் குர்னா கிராமத்திலிருந்து இரண்டு வேன் நிறையச் சனம் வந்து இறங்கியதைப் பார்த்து, பல்கலைக்கழக வாசல் காவலாளி கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. முன்னால் நடந்த நபவிய்யாவின் தலையில் அண்டா மூடி அகலத்துக்கு ஒரு தட்டு பஸ்பூஸா. பாகு ஊறிய ரவைக் கேக்கின் வாசனை அவளுக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டது. அவள் மகள் வஹீபாவுக்கு அன்று டாக்டர் பட்டத்து வாய்மொழித் தேர்வு. சொந்தபந்தம் கூட இல்லாமல் பட்டம் வாங்குகிறவள் அநாதையாகத்தான் இருக்க வேண்டும். மூன்று பரிசோதகர்கள் மேடையில் உட்கார்ந்து தோலை உரிப்பார்கள், சனம் கீழே உட்கார்ந்து பார்க்கும், பட்டம் என்று சொன்ன மறுநொடி பெண்கள் குலவை போடுவார்கள், தட்டு சுற்றி வரும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

தோல் உரிப்பது அன்று கொஞ்சம் ஆழமாகவே போனது.

வஹீபாவின் ஆராய்ச்சி, அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலையில், ராஜாக்களின் கல்லறைக் கூரைகளில் எழுதியிருக்கும் நட்சத்திரப் பட்டியல்களைப் பற்றியது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆமுன் கோயில் மொட்டைமாடியில் இரண்டு பூசாரிகள் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். ஒருவன் வடக்கே பார்த்துக் கல்லு மாதிரி இருக்க வேண்டும். மற்றவன் தெற்கே பார்த்து, எதிரே இருப்பவனுடைய உடம்பில் எந்த இடத்துக்கு நேராக எந்த நட்சத்திரம் நிற்கிறதோ அதை வைத்து மணி சொல்வான். 'சிங்கத்தின் வால், நெஞ்சுக்கு நேரே' என்றால் ஒரு மணி. 'நீர்யானையின் பாதம், வலது காதுமேல்' என்றால் இன்னொரு மணி. அரை மாதத்துக்கு ஒரு பட்டியல், வருஷத்துக்கு இருபத்துநான்கு. இதில் ஓரியன் எது, சிரியஸ் எது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. நீர்யானை இன்றைய வானத்தில் எது என்பதில்தான் அடிதடி.

அந்த அடிதடியில் ஜெயித்தவராகத் தம்மை நினைத்துக்கொண்டிருந்தவர் கெய்ரோவிலிருந்து வந்திருந்த தலைமைப் பரிசோதகர் டாக்டர் முஃபீத். இருபது வருஷமாக அவருடைய வரைபடத்தைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். 'வலது காதுமேல்' என்று எழுதியிருந்தால் அது வலது காதுமேல்தான் என்று கணக்குப் போட்டார் அவர். அந்த இடத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எது இருந்தது என்று தேடி, கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் சரியாகத் தெரியாத ஒரு புள்ளியைப் பிடித்து, இதுதான் நீர்யானையின் பாதம் என்று அச்சுப்போட்டார். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, விருச்சிகத்தின் நடுவில், கேட்டை சிவப்பாகத் தீக்கங்கு போல எரிந்துகொண்டிருக்கிறது. அது அவர் கண்ணில் படவில்லை.

வஹீபா வேறு வழியில் போனாள். வீட்டு மொட்டைமாடியில் வடக்குத் தெற்காகக் கயிறு கட்டி, எதிரே யாரையாவது உட்காரவைத்து மூன்று குளிர்காலம் எழுதுவது என்று முடிவு பண்ணினாள். உட்கார ஆள் வேண்டுமே? கல்லறை வாசலில் முப்பத்தோரு வருஷம் காவல் காத்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த சித்தப்பா ஷாஸ்லி அகப்பட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவதில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. ஆனால் விடியப் போகிற நேரத்தில் அவர் தலை சாய்ந்துவிடும். ஒரு நாள் தவறாமல். வஹீபா கத்துவாள், தண்ணீர் தெளிப்பாள், அந்தக் கடைசி மணிக்கு எழுதிய தாளைக் கசக்கிக் கூடையில் எறிவாள். இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள், கூடையைக் கொட்டப்போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எறிந்த தாள் எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு நேரே நிற்க வேண்டிய நட்சத்திரம் வலது காதுமேல் நின்றது. கல்லறைக் கூரையில் எல்லோரையும் குழப்பிய பதினோரு வரிகளும் அதேபோல வலது காது, அதேபோல இரவின் கடைசி மணி. எழுதினவன் பிசகவில்லை. உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான். தலையை நிமிர்த்திப் பார்த்தால் நெஞ்சுக்கு நேரே நிற்பது கேட்டை.

இதுதான் ஐந்தாம் அத்தியாயம். நூற்று நாற்பத்தோராம் பக்கத்தின் முதல் வரியிலேயே, 'எதிரே உட்கார்ந்தவர்: ஷாஸ்லி, ஓய்வுபெற்ற காவலர்' என்று போட்டிருந்தாள்.

டாக்டர் முஃபீத் அந்த வரியை மைக்கில் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வடக்கத்தியார் எல்லோரும் சொல்லும் அந்தப் பழைய ஜோக்கைச் சொன்னார். தெற்கத்தியான், அதாவது மேல் எகிப்துக்காரன் ஒருவன் கடிகாரம் வாங்கினானாம், அது ஓடாமல் நின்றுவிட்டதாம், பாவம் அசந்துவிட்டது என்று போர்வை போர்த்திவிட்டானாம். முன்வரிசையில் நாலைந்து மாணவர்கள் சிரித்தார்கள். ஷாஸ்லி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். டாக்டர் முஃபீத் வஹீபா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஆமுன் கோயில் பூசாரிங்க வேலை நேரத்துல தூங்குனாங்கன்னு சொல்றே?"

"ஆமா டாக்டர். அவங்களும் சம்பளக்காரங்கதானே."

சிரிப்பு இப்போது பின்வரிசையிலிருந்து வந்தது. டாக்டர் முஃபீத்துக்கு அது பிடிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் விட்டபாடில்லை. உட்காருகிறவன் சிலைபோல இருந்தான் என்பதற்குக் கல்லறைச் சித்திரமே சாட்சி, நிமிர்ந்துதான் வரைந்திருக்கிறார்கள் என்றார். தூங்குகிறவனை வரையச் சொல்லி எந்த ராஜாவும் காசு கொடுக்கமாட்டான் என்றாள் அவள். எழுத்தைத்தான் நம்ப வேண்டும் என்றார். எழுத்தை நம்புகிறவள் நான்தான், பார்த்தவன் பார்த்தபடி எழுதினான் என்கிறேன், பார்க்க முடியாத நட்சத்திரத்தைப் பார்த்தான் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள் என்றாள். வஹீபாவின் வழிகாட்டியும் இரண்டாவது பரிசோதகருமான டாக்டர் இன்ஸாஃப், மேடை ஓரத்திலிருந்து, போதும் நிறுத்து என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நல்ல மனுஷிதான். பயந்த மனுஷி.

கடைசியில் டாக்டர் முஃபீத் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சமாதானமாகப் பேசினார். மற்ற நாலு அத்தியாயமும் பழுதில்லை. ஐந்தாவதை எடுத்துவிட்டால் இப்போதே, இந்த மேடையிலேயே பட்டம். எடுக்கமாட்டேன் என்றால் ஒரு வருஷம் கழித்து வரலாம். டாக்டர் இன்ஸாஃப் எழுந்து வந்து காதோடு சொன்னாள்: எடுத்துவிடு, பட்டத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

வஹீபா கூட்டத்தைப் பார்த்தாள். பஸ்பூஸாத் தட்டின்மேல் மூடியிருந்த துணியை ஈ உட்காராமல் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் மகளைப் பற்றி ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் 'இந்தா முடியப்போகுது' என்று பதில் சொன்னவள். ஷாஸ்லி கையை மார்புக்கு மேல் தூக்காமல், கம்பளிக்குள்ளேயே அசைத்து, எடுத்துடு, எடுத்துடு என்று சைகை காட்டினார். எடுக்கலாம்தான். எடுத்தால் சித்தப்பா தூங்கியது வெறும் தூக்கமாகிவிடும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் குளிரில் விடிய விடிய உட்கார்ந்து அசந்துபோன அந்த முகம் தெரியாத மனுஷனும் வரைபடத்தில் ஒரு பிழையாகவே கிடப்பான்.

"எடுக்க மாட்டேன்," என்றாள்.

மூன்றாவது பரிசோதகர் டாக்டர் ஷனூதா கணக்கு வாத்தியார், அதுவரை வாயைத் திறக்காதவர். அவர் அப்போதுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதினோரு தடவையும் தலை ஒரே பக்கம், இடது பக்கமே சாய்ந்திருக்கிறது. தூங்குகிறவன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாமே, ஏன் இடது?

அந்தக் கேள்வி வஹீபாவுக்குத் தோன்றியதே இல்லை. தெரியாது என்று உள்ளதைச் சொன்னாள். டாக்டர் முஃபீத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜெயித்த மனுஷன் அப்படித்தான் உட்காருவான்.

அப்போது முன்வரிசையில் ஷாஸ்லி எழுந்தார். உட்காரச் சொல்லிப் பக்கத்திலிருந்தவர் கம்பளியைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஐயா, நான் படிக்காதவன். ஆனா தூங்குனவன் நான்தான், அதனால சொல்றேன். வடக்கப் பாத்து உட்கார்ந்தா கிழக்கு வலது பக்கம். விடியப்போறப்ப வெளிச்சம் அங்கேர்ந்துதானே வரும்? கண்ணு கூசுது. தூக்கம் கலைஞ்சிரக் கூடாதுன்னு மூஞ்சி தானா இடது பக்கம் திரும்பிக்குது. மொட்டைமாடில படுத்த எவனைக் கேட்டாலும் சொல்வான். நீங்க மாடில படுத்ததில்லையோ என்னமோ."

டாக்டர் ஷனூதா எழுதிக்கொண்டார். எழுதும்போது மீசைக்கடியில் சிரித்துக்கொண்டார். டாக்டர் முஃபீத் மட்டும், ஒரு காவல்காரர் வாயால் சொன்னதையெல்லாம் ஆராய்ச்சியில் அடிக்குறிப்பாகப் போட முடியாது, அதற்குப் பெயர் அரட்டை என்றார்.

பரிசோதகர்கள் உள்ளே போனார்கள். கதவுக்குப் பின்னால் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. அரை மணி கழித்து வந்தார்கள். டாக்டர் ஷனூதா யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடிவை டாக்டர் முஃபீத் நின்றுகொண்டு வாசித்தார். ஆராய்ச்சி திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கி ஒரு வருஷத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். திருத்தத்துக்குச் சம்மதம் என்று மாணவி இங்கே கையெழுத்துப் போட வேண்டும்.

தாளை நீட்டினார். வஹீபா மேடைக்குப் போனாள், பேனாவை வாங்கினாள், திருத்தங்கள் என்று போட்டிருந்த இடத்தில் நிதானமாக எழுதினாள். எழுதியதை மைக்கில் வாசிக்கவும் செய்தாள்.

"பக்கம் நூத்தி நாப்பத்தொண்ணு, புது அடிக்குறிப்பு. தலை எப்பவும் இடது பக்கமே சாயுறதுக்குக் காரணம், கிழக்கு வெளிச்சம். சொன்னவர் ஷாஸ்லி, முப்பத்தோரு வருஷம் காவல் காத்தவர், தூங்கத் தெரிஞ்சவர்." பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "இது ஒண்ணுதான் நான் ஒத்துக்கிட்ட திருத்தம், டாக்டர். அடுத்த வருஷம் இருபத்துநாலு பட்டியலுக்கும் உட்கார்ந்து எழுதி எடுத்துட்டு வர்றேன்."

டாக்டர் இன்ஸாஃப் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஷாஸ்லி அழுதார், அதை மறைக்கவும் இல்லை. அப்போதுதான் நபவிய்யா எழுந்து நின்று, கையை வாய்க்குக் குறுக்கே வைத்து, குலவை போட்டாள். ஒற்றைக் குரல்தான் முதலில். பிறகு பின்னாலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இவள் பட்டம் வாங்கவில்லை, இது எதற்கு என்று டாக்டர் முஃபீத் கத்தினார். சத்தத்தில் அவர் சொன்னது மேடையைத் தாண்டவில்லை. நபவிய்யா தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். துணியை விலக்கி, நடுவிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். கையில் வைத்துவிட்டதை விருந்தாளியாக வந்தவர் மறுக்க முடியுமா? பாகு அவர் விரலில் வழிந்தது.

"சாப்பிடுங்க, டாக்டர் ஐயா," என்றாள். "அடுத்த வருஷமும் இதே தட்டுதான்."